கட்டம் போட்ட துணி: கறுப்பின வரலாற்றை ஆய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பெருங்குடி,
சென்னை.

கறுப்பின வரலாறு, ஆப்பிரிக்கப் புலம்பெயர்வு, சமூக நீதி ஆகியவற்றை ஆய்ந்துவரும் நம் ஊர் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும்,

இந்த மடலை எழுத வைத்தது ஒரு வீட்டு வாசல். தான்சானியாவிலிருந்து முதுகலை படிக்க வந்திருந்த ஒரு தம்பிக்கு வாடகை அறை பார்க்க நான் துணைக்குப் போயிருந்தேன். என் பழைய மாணவி ஒருத்தியின் வகுப்புத் தோழர் அவர். பெருங்குடியில் ஒரே நாளில் நான்கு வீடுகள் ஏறி இறங்கினோம். மூன்று வீடுகளில் 'டூலெட்' பலகை தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்தாயிற்று என்றார்கள். நான்காவது வீட்டுக்காரர் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசினார். கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தார். தம்பியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "இவங்கல்லாம் நமக்குச் சரிப்பட மாட்டாங்கம்மா" என்றார், தம்பி எதிரிலேயே. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, தரேன். நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொன்னேன். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

தம்பிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஆள் சொன்னதும் கேட்டதும் எதைப் பற்றியவை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. படியிறங்கும்போது, அந்த ஆள் உங்களிடம் என்ன கேட்டார் என்றார். விளக்கிச் சொன்னேன். "நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்றார், குறையாக இல்லை, மெதுவாகத்தான். இருபத்தாறு ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தவள் நான். அதில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம் என்ற தாளை நடத்தினேன். டோனி மாரிசனின் 'பிலவட்' நாவலை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வாசலில் அதில் ஒரு வரிகூட என் உதவிக்கு வரவில்லை.

தம்பி இப்போது கேளம்பாக்கத்தில் தன் நாட்டு மாணவர்கள் நால்வரோடு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டிருக்கிறார். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஐஐடி 2023இல் அவர் நாட்டின் சான்சிபார் தீவில் ஒரு வளாகமே திறந்திருக்கிறது. நாம் அங்கே போய்க் கல்லூரி கட்டலாம். அவர்கள் பிள்ளை இங்கே வந்தால் படுக்க ஓர் அறை கிடைக்காது.

உங்களோடு நான் பேச நினைப்பது இந்த வாசலைப் பற்றி மட்டும் இல்லை. அங்கே தம்பியைப் பற்றிச் சொன்னதும் என்னிடம் கேட்டதும் ஒரே வாயிலிருந்து வந்தன. அவை இரண்டையும் சேர்த்து ஆராயும் வேலையை நம் துறை எப்படிச் செய்துகொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. நானும் அந்தத் துறையில் இருந்தவள் என்பதால் என் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாதியையும் நிறவெறியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் நமக்கு நீண்ட மரபு உண்டு. மகாத்மா பூலே 1873இல் 'குலாம்கிரி'யை வெளியிட்டபோது, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். கறுப்பின மக்கள் குடியேறிய ஹார்லெம் பக்கத்திலேயே இருந்தது. 1946 ஜூலையில் அவர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதன் நகல் இரண்டு மூன்று கிடைக்குமா என்பதுதான் அதன் சாரம். தீண்டப்படாத மக்களும் அப்படியொரு மனு கொடுக்கும் யோசனையில் இருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் டுபாய்ஸ் பதில் எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்தை நம் கருத்தரங்குகளில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரு தலைவர்களின் தோழமை என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கடிதத்தைப் படித்தால் அது ஒரு வேலைக் கடிதம் என்பது தெரியும். ஒரு சட்ட அறிஞர் இன்னோர் இயக்கத்தின் ஆவணத்தைக் கேட்கிறார். எப்படி எழுதினார்கள், எந்தப் பிரிவின் கீழ் முறையிட்டார்கள், நமக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும் அவருக்கு.

அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பின்பற்றி 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எழுந்தது. பத்தாண்டுகளில் அதன் அலை மதுரைக்கு வந்தது. இந்திரன் ஆப்பிரிக்கக் கவிதைகளை மொழிபெயர்த்து 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' என்று தொகுத்தார். அலெக்ஸ் ஹேலியின் நாவல் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் தமிழில் வந்து, ஆங்கிலம் அறியாத வீடுகளுக்குள்ளும் போனது. 'நிறப்பிரிகை' இதழ் 90களில் தலித் இலக்கிய விவாதத்தைத் தொடங்கிவைத்தபோது கறுப்பின இலக்கியமும் கூடவே வந்தது. இவை எல்லாம் தேவையிலிருந்து பிறந்தவை. தங்கள் வலிக்குச் சொல் தேடியவர்கள் கடல் கடந்து போய் ஒரு சொல்லை எடுத்து வந்தார்கள்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் தென்னிந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டவுடன் அவருக்குச் சுருக்கென்றது. யோசித்த பிறகு, ஆமாம் என்று ஏற்றுக்கொண்டார். அந்த ஒப்பீட்டைச் சொல்ல அந்தத் தலைமையாசிரியருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் உரிமை இருந்தது. அது அவர்கள் உடம்பில் எழுதியிருந்தது.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒப்பீடு மெல்ல மெல்ல என்னைப் போன்றவர்கள் கைக்கு வந்தது. "தமிழர்களும் கறுப்பர்கள்தானே, வெள்ளைக்காரனிடம் நாமும் அடிபட்டவர்கள்தானே" என்று நாங்கள் மேடைகளில் பேசினோம். கறுப்பு எங்கள் பெருமை என்றோம். பேசிவிட்டு வீட்டுக்குப் போனோம். அங்கே மணமகள் தேவை விளம்பரத்தில் சிவப்பு நிறம் கேட்டோம், வாடகைக்கு வருகிறவரிடம் என்ன ஆளுங்க என்று கேட்டோம். நீயும் நானும் ஒன்று என்று சொல்லிவிட்டால், உனக்கு நான் என்ன செய்தேன் என்ற கேள்வி எழுவதில்லை. ஒப்பிடுவதில் இப்படியொரு சௌகரியம் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: ஒப்புமை தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்பைத் தேடுங்கள். ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. கணக்கு இருக்கிறது. பல ஏடுகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

அந்த வீட்டுக்காரர் கட்டியிருந்த துணியிலிருந்தே தொடங்கலாம்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் துறைமுகம் இல்லை. இங்கே துறைமுகமே கிடையாது. அலையில் மசூலா படகு விட்டுத்தான் சரக்கு ஏற்றினார்கள். துணி இங்கே மலிவாகக் கிடைத்தது, அதுதான் காரணம். சென்னை என்கிற ஊர் துணிக்காகப் பிறந்த ஊர். வெளுப்பதற்கு வண்ணாரப்பேட்டை, நெய்வதற்கு 1734இல் கூவம் கரையில் சிந்தாதிரிப்பேட்டை. இதுவரை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் துணி எங்கே போனது என்பதைத்தான் நாம் சொல்லித் தருவதில்லை.

லண்டனுக்குப் போனதில் ஒரு பகுதி அங்கே இறங்கி, வேறு கப்பலில் ஏறி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாக இறக்கிய சரக்குகளில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. அங்கிருந்த வாங்குவோர் தேர்ந்த கண்காரர்கள். மான்செஸ்டரில் போலி நெய்து கொண்டுபோனால் சாயத்தையும் வாசனையையும் வைத்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே 'கினி'. செனகலில் அது காசு போலவே புழங்கியது. முதலில் ஆளுக்கு, அடிமை வணிகம் நின்ற பிறகு கோந்துக்கு.

நம் கரையில் கட்டம் போட்டு நெய்த கைக்குட்டைத் துணி 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்ற பெயரில் நைஜர் ஆற்று முகத்துவாரத்துக்குப் போனது. அங்கே கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் அது வேண்டும். அந்தத் துணியில் சில இழைகளை மட்டும் ஊசிமுனையால் தூக்கி அறுத்து எடுத்து, புதிய உருவங்களை அதில் உண்டாக்குகிறார்கள். இழையைச் சேர்க்காமல் நீக்கி நீக்கியே ஒரு கலை. இக்போ மக்கள் விழாக்களில் உடுத்தும் 'ஜார்ஜ்' துணியின் பெயர் நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் கறுப்பினப் பெண்கள் தலையில் கட்டிய கட்டம் போட்ட துணிக்கு இன்றும் பெயர் 'மதராஸ்'. செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் தேசிய உடைக்கு அதுதான் துணி. அந்தப் பெண்களின் முன்னோரை விலைக்கு வாங்கக் கொடுத்த துணிகளின் உறவுக்காரத் துணி, இன்று அவர்கள் பெருமையாக உடுத்தும் உடையாகியிருக்கிறது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எத்தனை ஆய்வேடுகள் இதைப் பற்றித் தமிழில் வந்திருக்க வேண்டும்!

இதைப் படித்துவிட்டு நெசவாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். முன்பணக் கடனில் கட்டுண்டு, தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவருக்குத் தன் பாவும் ஊடையும் எந்தக் கரையில் யார் தலைக்கு விலையாகும் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கம்பெனிக்கும் தறிக்கும் நடுவே நின்று கமிஷன் வாங்கிய துபாஷிகளுக்கும் வணிகர்களுக்கும் என்ன தெரிந்திருந்தது? அவர்கள் கட்டிய கோயில்களும் சத்திரங்களும் தெருப் பெயர்களும் இன்னும் இருக்கின்றன. ஆப்பிரிக்கச் சந்தைக்கென்று வந்த கொள்முதல் உத்தரவுகளையும் அவர்கள் கணக்குகளையும் சேர்த்துவைத்து ஒருவர் படித்தால் போதும், ஒரு முழு ஆயுளுக்கான வேலை இருக்கிறது.

துணி மட்டும் போகவில்லை. ஆட்களும் போனார்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் தமிழ் மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஒரு பிடி அரிசிக்குப் பிள்ளைகளை விற்றார்கள். கப்பல்கள் படேவியாவுக்கும் இலங்கைக்கும் போயின. வேறு சிலர் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேப் டவுனின் பழைய ஏடுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'கோரமண்டல்' என்று ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கும். சொந்தப் பெயர் போய்விட்டது, கரையின் பெயர் மட்டும் நின்றது. மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களோடு ஒரே கொட்டடியில் அவர்கள் கிடந்தார்கள், மணந்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆப்பிரிக்கப் புலம்பெயர்வின் வரலாற்றில் நம் கரையும் இருக்கிறது, நம் மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை இங்கே ஆளுநர். அவர் சபையில் இருந்த ஆண்டுகளில் மதராஸிலிருந்து அடிமைகளைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு ஏற்றினார்கள். பிற்பாடு, 1718இல், அவர் அனுப்பிய புத்தகங்களையும் ஒன்பது பொதிச் சரக்கையும் கொண்டு அமெரிக்காவில் ஒரு கல்லூரி நிமிர்ந்தது. அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. அந்தப் பல்கலைக்கழகம் தன் அடிமைத் தொடர்புகளைத் தானே ஆராய்ந்து, 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. யேலின் சிறுவயது மகனைப் புதைத்த இடம் பாரிமுனையில் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்னும் இருக்கிறது, கூம்பிய உயர்ந்த கல்லறை. அந்தக் கல்லூரி பிற்காலத்தில் அம்பேத்கர் பெயரைத் தாங்கியது. பல தலைமுறை வழக்கறிஞர்கள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கிற கதையை அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

சட்டம் என்றதும் எங்கள் பெருங்குடிக்கு வந்தாக வேண்டும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இங்கே எம்ஜிஆர் சாலையில்தான் இருக்கிறது. மாலையில் டீக்கடையில் அந்த மாணவர்களின் வாக்குவாதத்தைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். அவர்களுக்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினாவுக்கும் இது பொருந்தாது என்கிறது. ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்தில் விடுதலை. செங்கல்பட்டின் வயலில் இல்லை. நமக்கென்று 1843இல் வந்த ஐந்தாம் சட்டமும், அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்றதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஏன் அந்தப் பிரிவு? யார் கேட்டு அது நுழைந்தது? நிலவரியை யார் மூலம் வசூலித்தார்கள், அந்த நிலத்தில் யார் உழைத்தார்கள் என்று பின்தொடர்ந்து போனால் விடை கிடைக்கும். கறுப்பின மக்களின் விடுதலையும் நம் சேரிகளின் விடுதலையும் ஒரே காகிதத்தில் சந்தித்து, ஒரே காகிதத்தில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இதை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் பார்க்க முடியாது.

'பிலவட்' வகுப்பு ஒன்றில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்கலியா?" இங்கே வேறு மாதிரி என்று சொல்லி மழுப்பினேன். அடுத்த வாரம் அவளே ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' நூலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். ஆளோலை என்ற சொல்லை நான் அந்த நூல் வழியாகத்தான் முதலில் அறிந்தேன். மனிதரை விற்றதற்கு, அடகு வைத்ததற்கு, பரம்பரையாக எழுதிக் கொடுத்ததற்கு ஓலை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த விடுமுறைக்குத் தஞ்சைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் போனபோது தாத்தாவின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். சிறு வயதில் அதன் மேல் உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். இத்தனை கலம் நெல், இத்தனை மரக்கால் கூலி, அதற்குக் கீழே ஆட்களின் பெயர்கள். பெரும்பாலும் ஒற்றைப் பெயர், தகப்பன் பெயர் கிடையாது. சில பெயர்களுக்கு எதிரே கடன் தொகை. தகப்பன் செத்த பிறகு அதே தொகை மகன் பெயருக்கு நேரே வந்திருந்தது. எங்கள் பாட்டி சுருட்டை முடிப் பிள்ளைகளைக் காப்பிரி என்று வைவாள். ஆப்பிரிக்கரைக் குறிக்க எங்கள் வீட்டில் இருந்த அந்த ஒரே சொல்லும் வசைச் சொல். இந்த வீட்டிலிருந்து போய்த்தான் நான் கறுப்பின இலக்கியம் நடத்தினேன். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. குடியரசாகி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு!

செங்கல்பட்டுக்குத் திரும்புகிறேன். 19ஆம் நூற்றாண்டில் எங்கள் பெருங்குடி அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011இல்தான். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையே மிராசுதார் கையில், கடன் பத்திரத்தில் கைநாட்டு, கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்ற மிரட்டல். அதன் விளைவாக 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை.

அமெரிக்காவில் 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை கொடுக்க ஆணையிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள், உழுதார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே புதிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிவிட்டார். அவர்களுக்கு ஒரே கையெழுத்தில் போனது. நம்மிடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணாக, ஒவ்வொரு பட்டா மாறுதலாக, நூறு ஆண்டுகளில் கரைந்தது. ஒரே நாளில் பறித்தால் வரலாற்றில் எழுதிவிடலாம். இப்படிக் கரைத்தால் பறித்தது யார் என்று காட்டவே ஆயிரம் வில்லங்கச் சான்று வேண்டும். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். எங்கள் பெருங்குடி வழியே போகும் பழைய மாமல்லபுரம் சாலை அன்றைக்கு வெறும் சாலை. இன்று அதன் இரு பக்கமும் கண்ணாடிக் கட்டடம். அவற்றுக்கு அடியில் பழைய 'அ' பதிவேட்டில் எந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருந்தது? சட்டப் பள்ளி மாணவர்களே, தாலுகா அலுவலகம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தகவல் உரிமை மனு போடத் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து பெருங்குடியிலிருந்து திருப்போரூர் வரைக்கும் ஒரு வரைபடம் போட்டால், அதற்கு நிகரான கட்டுரையை உங்கள் வயதில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தச் செங்கல்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்தவர்தான் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், பின்னர் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். நடுவில் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஒரு தலித் தலைவர், நிறவெறிச் சட்டம் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் நின்று வாக்குமூலங்களை மொழிபெயர்த்திருக்கிறார். ஜூலு மக்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார்? அங்கே போயும் சாதி விடாத தமிழர்களை எப்படிச் சகித்தார்? இந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு முழு நூல் வேண்டும் என்று நான் ஏங்குகிறேன்.

நேட்டாலுக்கு 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் மதராஸிலிருந்துதான் போய்ச் சேர்ந்தது. மார்ட்டினிக்குக்கு 1853இல் நம் கரையிலிருந்து போனார்கள். அந்தத் தீவில் விடுதலையான கறுப்பினத் தொழிலாளி கூலி உயர்த்திக் கேட்டதால், அவர் கூலியைக் குறைக்க நம்மவரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். போன இடங்களில் தோழமையும் வளர்ந்தது, பகையும் மூண்டது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் மோதியதில் 142 பேர் இறந்தார்கள். ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கியது அது. நாம் அடிபட்ட கதையை மட்டும் பாடிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டோம். இலங்கையில் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். போர்ச்சுகீசியக் கிரியோல் பாடல்களைத் தாளம் போட்டுப் பாடுவார்கள். நம் மொழி பேசும் ஊர்களுக்கு நடுவிலேயே ஆப்பிரிக்கா இருக்கிறது.

எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்திலும் எழுதுங்கள், வேலைக்கு அது வேண்டும். ஆனால் அந்த நான்காவது வீட்டுக்காரருக்கு ஆங்கில ஆய்விதழ் போய்ச் சேராது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பக்கத்து வீட்டில் ஓர் இரவு நெஞ்சுவலி வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஓடியவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் இடுப்பில் இருக்கிற துணிக்கு ஒரு கதை இருக்கிறது என்று யாராவது வாசலில் உட்கார்ந்து சொன்னால் கேட்கக்கூடியவர் என்றே நினைக்கிறேன். நான் அன்று சொல்லவில்லை. காபியை மட்டும் வேண்டாம் என்றேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. கழிப்பறையோடு, தனிப் படியோடு. ஓய்வு பெற்றதிலிருந்து அதில் என் புத்தகங்கள் கிடந்தன: மாரிசன், பால்டுவின், டுபாய்ஸ், ஃபனான். நான்கு வீடு ஏறி இறங்கிய அந்த நாளில், இந்த அறையைக் காலி செய்து தரலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பத்து நாள் கழித்துத்தான் வந்தது. புத்தகங்களைக் கீழே கூடத்துக்கு இறக்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டேன். கேளம்பாக்கத்தில் முன்பணம் கொடுத்துவிட்டேன், பரவாயில்லை அம்மா என்றார். வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அறை அப்படியே இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கோ வேலையாக வருகிற உங்கள் மாணவர்கள் யாரானாலும், எந்த நாட்டவரானாலும் வந்து தங்கலாம். வாடகை வேண்டாம். தரமணி பக்கத்திலேயே இருக்கிறது. எழும்பூர் போக, பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்க வேண்டும். அங்கிருந்து கூவத்தைத் தாண்டினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை